எங்கே என்று கேட்காத வீடு

அபி பிள்ளைக்கு,

பார்க்கிங் ஊரில் இருக்கும் உன் பிளட்டின் கதவுக்குக் கீழே இந்த என்வலப்பைக் கண்டதும், "அப்பாவுக்கு என்ன நடந்தது, வாட்ஸ்அப்பில் ஒரு வொய்ஸ் மெசேஜ் போட்டிருக்கலாமே" என்று நினைப்பாய். போட்டுப் பார்த்தேன் பிள்ளை. இரண்டாவது வசனத்திலேயே என் குரல் உயர்ந்துவிடுகிறது. கடையில் சாமான் வாங்க வந்தவர்கள் எல்லாம் திரும்பிப் பார்க்கிறார்கள். எழுதினால் கத்த முடியாது, அதனால்தான் எழுதுகிறேன். தமிழில் எழுதுவதற்கும் காரணம் இருக்கிறது. சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கூடத்துக்கு உன்னை அழ அழ இழுத்துக்கொண்டு போன பாவத்துக்கு இன்றைக்காவது ஒரு பலன் கிடைக்கட்டும். விளங்காத சொல் வந்தால் அம்மாவிடம் கேட்காதே, என்னிடம் கேள். இந்தக் கடிதத்தைப் பற்றி அவவுக்குத் தெரியாது.

போன ஞாயிறு நீ இங்கே மிச்சம் ஊருக்கு வந்து, நம் கடையில் பால் பிரிட்ஜுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, "அப்பா, நான் திரும்பவும் மலைக்குப் போறன்" என்றாய். வருகிற சனிக்கிழமை, அதே நண்பர்களோடு, அதே பனிச்சறுக்குக்கு. பாண் அடுக்கிக்கொண்டிருந்தேன். அடுக்கி முடித்த பாணை எல்லாம் இறக்கி, திரும்பவும் முதலில் இருந்து அடுக்கினேன். அப்பாவுக்குக் கோபம் என்று நினைத்துக்கொண்டு நீ போய்விட்டாய். கோபம் இல்லை. போன மாசியில் உன்னைப் பனி மூடியதில் இருந்து எனக்குள் இருப்பது பெரும்பாலும் நன்றிதான். அது எத்தனை பேருக்கு, எதெதற்கு என்று ஒருக்கால் சொல்லிவிட வேண்டும். சொல்லாமல் உன்னை அனுப்ப எனக்கு மனமில்லை.

முதலில், போன முறை நீ எங்களோடு இரவு தங்கிவிட்டுப் புறப்பட்ட காலை. பெரிய பையோடு படியிறங்கி வந்து வாசலில் சப்பாத்துப் போட்டாய். நம் வீட்டுச் சட்டம் உனக்குத் தெரியும். வெளிக்கிட்டு வாசலில் நிற்கிறவரை எங்கே போகிறாய் என்று கேட்கக் கூடாது, கேட்டால் போகிற காரியம் தடைப்படும். நம் ஊர் ஆட்கள் எல்லோரும் ஓரளவுக்குப் பார்க்கிற சகுனம்தான் இது. ஆனால் உன் அம்மா அதை வேதமாக வைத்திருக்கிறா. நான் வாயைத் திறந்தாலே கண்ணால் வெட்டுவா. அதனால் அன்றைக்கும் அவ கேட்டது வழக்கமான கேள்வியைத்தான்: "தூரமோ பிள்ளை?" நீயும் வழக்கமான பதிலைத்தான் சொன்னாய்: "ஓம் அம்மா, கொஞ்சம் தூரம். பிரான்ஸ்." அவ்வளவுதான். நம் ஆட்களுக்குப் பிரான்ஸ் என்றால் பாரிஸ், பாரிஸ் என்றால் மாமா வீடு. அம்மா உடனே குசினிக்குள் ஓடிப்போய்ப் பருத்தித்துறை வடையை ஒரு பையில் கட்டிக்கொண்டு வந்து, "மாமாட்டைக் குடு, எல்லாத்தையும் நீ திண்டுடாதை" என்று உன் கையில் திணித்தா. நீ எங்கள் இரண்டு பேரையும் பார்த்தாய், ஏதோ சொல்ல வந்தாய். பிறகு வடையை வாங்கிப் பைக்குள் வைத்துக்கொண்டு, "போட்டு வாறன்" என்று போய்விட்டாய். சொன்னால் நாங்கள் பயப்படுவோம் என்று நீ சொல்லவில்லை. கேட்டால் சகுனம் பிழைக்கும் என்று நாங்கள் கேட்கவில்லை. மூன்று பேருமே நல்ல எண்ணத்தில் வாயை மூடிக்கொண்டு நின்றோம்.

அதற்குப் பிறகு வந்த தொலைபேசிக் கதையை நீ எல்லோருக்கும் சொல்லிச் சிரிக்கிறாய். சிரி, உனக்கு அந்த உரிமை இருக்கிறது. தெரியாத நம்பரில் இருந்து ஒரு பெண் குரல், "ஒரு அக்சிடன்ட் விஷயமா..." என்று இங்கிலீஷில் தொடங்கியது. இந்த நாட்டில் இருப்பவனுக்கு அப்படி ஒரு கோல் வந்தால் என்ன நினைப்பான்? காருக்கு அடி விழுந்ததா, கிளெயிம் பண்ண வேண்டுமா என்று நாள் தவறாமல் எடுக்கிற கூட்டம் என்றுதான் நானும் நினைத்தேன். "நோ அக்சிடன்ட், தாங்க்யூ" என்று சொல்லி வைத்துவிட்டேன். திரும்ப எடுத்தாள், திரும்பவும் வைத்தேன். மூன்றாவது முறை உன் போனில் இருந்தே வந்தது. "என்ன பிள்ளை" என்றேன். உன் குரல் இல்லை. முதல் இரண்டு முறையும் எடுத்த உன் சிநேகிதி ஹெலன்தான் அது, இந்த முறை சொற்களின் ஒழுங்கை மாற்றியிருந்தாள். "அங்கிள், அபி உயிரோடு இருக்கிறா. வைக்க வேண்டாம். அபி உயிரோடு இருக்கிறா" என்றாள். பனிச்சரிவு, ஹெலிகொப்டர், ஆஸ்பத்திரி, உடைந்த தோள்பட்டை எல்லாம் அதற்குப் பிறகுதான் வந்தது. அந்த ஒழுங்கில் சொன்னதற்காக அந்தப் பிள்ளைக்கு நான் சாகும்வரை கடமைப்பட்டிருக்கிறேன். இன்றைக்கும் சில பகலில் சும்மா நிற்கும்போது அந்த வசனம் காதில் விழும். கையில் இருப்பதைக் கீழே வைத்துவிட்டு ஒரு நிமிடம் நிற்பேன்.

உன்னை எங்கே வைத்திருக்கிறார்கள் என்று அவள் சொன்ன ஊர்ப் பெயரை என் காது பிடிக்கவில்லை. எனக்கு முன்னால் பால் வாங்க நின்ற கிழவரிடம் போனைக் கொடுத்தேன். அவர்தான் கேட்டு ஒரு பிஸ்கட் பெட்டி மட்டையில் எழுதித் தந்தார். பெற்ற மகள் எந்த மலையில் கிடக்கிறாள் என்று எனக்கு முன்பே அந்த மனிசனுக்குத் தெரிந்துவிட்டது. வீட்டுக்குப் போய் அம்மாவிடம் சொன்னபோது அவ முதலில் கேட்டது என்ன தெரியுமா? "மாமா வீட்டுக்குப் போனவள் ஏன் மலையில ஏறினவள்?"

பிறகு சித்திரை வருடப்பிறப்புக்கு ஹெலனை நீ வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு வந்தாய். முன்பு கடையில் கண்டிருந்தாலும் அன்றைக்குத்தான் அவளை வடிவாகப் பார்த்தேன்: நீ வேலை செய்கிற ஆஸ்பத்திரியில் உனக்குப் பக்கத்து வார்டில் வேலை செய்கிற பிள்ளை, மெலிந்த உடம்பு, அமைதியான முகம். அந்தக் கைகள்தான் உன்னைத் தோண்டி எடுத்தவை என்று நினைத்து, அவள் சாப்பிடும்போது முழுக்க நான் அவள் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தேன். அம்மா நன்றி என்ற சொல்லைச் சொல்லவே இல்லை. நம் ஆட்களுக்கு அது வாயில் வராது. அதற்குப் பதிலாக இடியப்பம் வைத்தா, சொதி ஊற்றினா, திரும்ப இடியப்பம் வைத்தா. அந்தப் பிள்ளை வேண்டாம் என்று கை காட்டக் காட்ட வைத்தா. நீ தடுக்கப் போனபோது ஹெலன் உன் கையைப் பிடித்து நிறுத்தினாள். அவளுக்கு விளங்கியிருக்கிறது.

சாப்பிட்டு முடிந்ததும் நான்தான் கேட்டேன், இந்தப் பனிச்சரிவு எப்படித்தான் வருகிறது என்று. மலை உச்சியில் இருந்து பனி உருண்டை உருண்டு வரும், அதன் பாட்டில் வரும் என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். ஹெலன் அம்மாவிடம் ஒரு தட்டமும் கொஞ்சம் சீனியும் மாவும் கேட்டாள். அம்மா புட்டுக்கு வறுத்து வைத்திருந்த அரிசி மாவைக் கொண்டுவந்து கொடுத்தா. அவள் தட்டத்தில் முதலில் மாவைப் பரப்பி அமத்தினாள். பழைய பனி என்றாள். அதன் மேல் சீனியை மெல்லியதாகத் தூவினாள். குளிர் நாட்களில் பனிக்குள்ளேயே இப்படி ஒன்றோடொன்று ஒட்டாத மணிகள் உருவாகும், இதுதான் பலவீனமான படை என்றாள். அதற்கு மேல் திரும்ப மாவைக் கொட்டித் தட்டிவிட்டாள். புயலுக்குப் பிறகு விழுந்த புதுப்பனி, காற்று அள்ளிக்கொண்டுவந்து சேர்த்த பனி. மேலே பார்த்தால் வெள்ளையாக, அமைதியாக, அழகாகத்தான் இருந்தது. தட்டத்தை ஒரு பக்கமாக மெதுவாக உயர்த்தினாள். கன நேரம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு சரிவு ஓரளவு செங்குத்தானதும் மேல் மா முழுதும் ஒரே பலகையாக வெடித்து, சீனியின் மேல் வழுக்கிக்கொண்டு வந்து மேசைவிரிப்பில் விழுந்தது. நாலு பேரும் மேசைவிரிப்பைக் குனிந்து பார்த்தோம். அம்மாதான், "வறுத்த மா எல்லாம் போச்சு" என்றா.

மலையில் தட்டத்தை உயர்த்த யாரும் தேவையில்லை, சரிவு ஏற்கெனவே உயர்ந்துதான் இருக்கிறது. பெருமழை பெய்தாலும், திடீரென்று வெயில் ஏறினாலும், புதுப்பனியின் பாரம் கூடினாலும் அது இறங்கும். ஆனால் ஆட்களை மூடுகிற சரிவுகளில் பெரும்பாலானவற்றைக் கிளப்பிவிடுவது அந்த ஆட்களின் பாரமே என்றாள் ஹெலன். அவர்களில் ஒருவர், அல்லது அவர்களுக்கு மேலே போகிற ஒருவர். சில சரிவுகள் காட்டையே சீவிக்கொண்டு போகும், வீதியை மூடும், கீழே இருக்கிற ஊருக்குள்ளேயே வரும். உங்கள் சரிவு அவ்வளவு பெரியதில்லையாம். ஒரு மனிசியை மூட அவ்வளவு பெரியது தேவையும் இல்லை.

அம்மா அப்போதுதான் ஒரு கச்சான் கடலையை எடுத்து ஹெலனிடம் நீட்டினா. "பிள்ளை எதுக்குள்ள கிடந்தவள்? காட்டு." நீ மொழிபெயர்த்தாய். ஹெலன் கச்சானை மேசையில் குவிந்திருந்த மாவுக்குள் புதைத்தாள். அம்மா உடனே மேலே இருந்து விரலை விட்டுத் தோண்டினா, மா சரிந்து சரிந்து குழியை மூடியது. ஹெலன் அம்மாவின் மணிக்கட்டை மெல்லப் பிடித்துக் கீழ்ப் பக்கத்துக்குக் கொண்டுபோனாள். சரிவின் கீழ்ப்பக்கத்தில் இருந்து ஆளை நோக்கித் தோண்ட வேண்டும், முதலில் முகம், வாயில் மூக்கில் இருக்கும் பனியை அகற்ற வேண்டும், மிச்சம் எல்லாம் பிறகு. சரிவு நின்றதும் பனி சீமெந்து மாதிரி இறுகிவிடும், உள்ளே இருப்பவரால் விரலைக்கூட அசைக்க ஏலாது. கால் மணித்தியாலத்துக்குள் எடுத்தால் பிழைக்கிற வாய்ப்பு நல்லது, அதற்குப் பிறகு வேகமாகக் குறையும். ஹெலிகொப்டர் வந்துசேர அதைவிட நேரம் எடுக்கும். ஆகவே பக்கத்தில் நிற்கிற நண்பர்தான் காப்பாற்ற வேண்டும். அம்மா கச்சானை எடுத்துத் துடைத்துத் தன் சேலைத் தலைப்பில் முடிந்துகொண்டா. நாங்கள் அதைக் கவனிக்காத மாதிரி இருந்தோம்.

மாசிக்கு முன்பு நான் உன்னைக் கேலி செய்த ஒரு பின்னேரம் அப்போது நினைவுக்கு வந்தது. நீயும் ஹெலனும் மற்ற இரண்டு பேரும் கழுத்தில் அந்தச் சின்ன ரேடியோப் பெட்டியைக் கட்டிக்கொண்டு மிச்சம் கொமன் புல்வெளியில் அலைந்தீர்கள். ஒருவர் தன் பெட்டியைச் சருகுக்குள் புதைக்க, மற்றவர்கள் பீப், பீப் என்ற சத்தத்தைப் பின்தொடர்ந்து தேடிக் கண்டுபிடித்து, நீளக் கம்பியால் குத்திப் பார்த்து, சவளால் தோண்டினீர்கள். மழை வந்ததும் கடைக்குள் வந்து, அரிசி மூட்டைகளுக்கு இடையில் ஒளித்து வைத்துத் தேடினீர்கள். "என்ன, மாட்டுக்குக் கட்டுற மணியோ?" என்று கேட்டேன், எதற்கென்று கேட்கவில்லை. நீ முறைத்தாய். அந்த மணிச் சத்தத்தைப் பிடித்துக்கொண்டுதான் ஹெலன் உன்னிடம் வந்துசேர்ந்தாள். என் அரிசி மூட்டைகளுக்கு நடுவில் பழகிய கைகள் அவை. அந்தப் பழக்கத்துக்கும், என் கேலியை நீ காதில் போட்டுக்கொள்ளாததற்கும் நன்றி பிள்ளை.

இன்னுமொரு நன்றி, நீ உண்மையைச் சொன்னதற்கு. அன்றைக்கு அபாயம் நடுத்தரத்துக்கு மேலே என்று காலை அறிக்கையில் போட்டிருந்தும் போனோம் என்றாய். அந்தச் சரிவில் முன்பே யாரோ போன தடம் இருந்ததால் பாதுகாப்பு என்று நினைத்துவிட்டோம் என்றாய். முன்னுக்குப் போனவருக்கு உடையாத பனி பின்னுக்குப் போகிறவருக்கு உடையும் என்று நீயே சொன்னாய். அதற்குப் பிறகு ஒன்று சொன்னாய், அதைத்தான் நான் மறக்க மாட்டேன். ஏறும்போது உன் காலுக்குக் கீழே "தொம்" என்று பனி அமிழ்ந்த சத்தம் உனக்குக் கேட்டிருக்கிறது. அது எச்சரிக்கை என்று உனக்குத் தெரியும். "ஆனா அப்பா, அவையள் எல்லாரும் சின்ன வயசில இருந்து ஸ்கீ செய்யிற ஆக்கள். நான் மட்டும் பயந்து திரும்புவம் எண்டு சொல்ல வெக்கமா இருந்தது" என்றாய். பிள்ளை, இந்த நாட்டுக்கு வந்த நாளில் இருந்து அந்த வெட்கம் எனக்கும் பழக்கம். கவுன்சில் ஒபிசில், ஆஸ்பத்திரியில், உன் பள்ளிக்கூடக் கூட்டத்தில், விளங்காததைக் கேட்க வெட்கப்பட்டுத் தலையாட்டிவிட்டு வந்தவன் நான். நீ அதை என்னிடம் பார்த்துப் பழகியிருக்கிறாய். இனிமேல் அந்தச் சத்தம் கேட்டால், பனியில் வெடிப்பு ஓடினால், பக்கத்துச் சரிவில் பனி விழுந்து கிடந்தால், வாயைத் திற. திரும்புவம் என்று சொல்லு. ஹெலனைக் கேட்டேன், அவளுக்கும் அன்றைக்கு உள்ளுக்குள் பயமாம். ஒருவர் சொல்லியிருந்தால் நாலு பேரும் சந்தோஷமாகத் திரும்பியிருப்பார்கள்.

நீங்கள் ஒவ்வொருவராகச் சரிவைக் கடந்ததும் நல்லது, அதனால்தான் மூன்று பேர் மேலே இருந்து நீ போன பாதையைப் பார்த்தார்கள். நீ கத்தினதும் நல்லது. எங்கள் காலத்தில் ஷெல் சத்தம் கேட்டால் குப்புற விழுந்து அசையாமல் கிடப்போம், அதுதான் எனக்குத் தெரிந்த பாதுகாப்பு. பனியில் அப்படி இல்லை என்று நீதான் எனக்குச் சொன்னாய். கையில் இருக்கும் தடியை விட்டுவிட்டு, பக்கவாட்டில் தப்பப் பார்த்து, நீந்துவது மாதிரிப் போராடி, பனி நிற்கப் போகும்போது கையை முகத்துக்கு முன்னால் வைத்து மூச்சுக்கு இடம் பிடிக்க வேண்டும். நீ பிடித்தாய். அந்த உள்ளங்கை அளவு இடத்துக்குள் இருந்துதான் எங்கள் வீட்டு வெளிச்சம் முழுவதும் திரும்ப வந்தது. ஹெலிகொப்டர் வரும்வரை உன்னைத் தங்கள் மூன்று ஜக்கெட்டால் மூடி வைத்துக்கொண்டு, உனக்கு நினைவு தெளிந்ததும் ஹெலன் கொஞ்சம் கொஞ்சமாக வடையை உடைத்து வாயில் வைத்தாளாம். அம்மாவுக்கு இதைச் சொன்னபோது, "பிறகென்ன, அண்டைக்கு நான் கட்டிக் குடுத்தது" என்று ஒரு கிழமை நிமிர்ந்து நடந்தா. பாரிஸ் மாமா மட்டும் தன் வடை எங்கே என்று இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறார்.

இனி அம்மாவைப் பற்றி ஒன்று. இது உனக்குத் தெரியாது, எனக்குச் சொல்லவும் அவ கல்யாணமாகிக் கன காலம் எடுத்தா. பாரிஸ் மாமாவுக்கு மூத்த ஒரு அண்ணை அவவுக்கு இருந்தார். படம்கூட வீட்டில் இல்லாதபடியால் நீ அவரைப் பற்றிக் கேட்டதில்லை. சண்டைக் காலத்தில் ஒரு காலை அவர் சைக்கிளை எடுத்துக்கொண்டு வெளிக்கிட்டபோது, பாவாடை சட்டையோடு வாசலில் நின்ற உன் அம்மா, "எங்கை அண்ணை போறாய்?" என்று கேட்டிருக்கிறா. அவர் சிரித்துக்கொண்டு, "வந்து சொல்லுறன்" என்று சொல்லிவிட்டுப் போனார். வரவில்லை. யார் பிடித்தார்கள், எங்கே விழுந்தார் என்று ஒருவருக்கும் தெரியாது. அந்த நாட்டில் அன்றைக்கு எத்தனையோ வீட்டில் நடந்தது அது. ஆனால் ஒரு சின்னப் பிள்ளைக்கு அப்படி விளங்குமா? தான் கேட்டதால்தான் என்று அவ பிடித்துக்கொண்டா. அதற்குப் பிறகு யாரையும் வாசலில் வைத்து எங்கே என்று கேட்டதில்லை, என்னையும் கேட்கவிட்டதில்லை. சகுனம் என்று நீ சிரிக்கிறது, அவவுக்கு அண்ணை.

இந்த முறை போகும்போது பாதையையும் திரும்பி வரும் நேரத்தையும் யாரிடமாவது சொல்லிவிட்டுப் போக வேண்டும், அது முதல் விதி என்று ஞாயிறு நீ சொன்னாய் அல்லவா? வீட்டில் அதை அம்மாவிடம் சொன்னேன். அவ எழும்பிப் போய்விட்டா. நேற்று மத்தியானம் சாப்பாட்டுக்கு வீட்டுக்குப் போனேன். குசினிக் கதவு சாத்தியிருந்தது, உள்ளே அவவின் குரல் கேட்டது. போனில் கதைக்கிறா என்று நினைத்தேன், ஆனால் போன் வெளியே ஹோலில் சார்ஜில் கிடந்தது. "எங்கை பிள்ளை போறாய்?" என்றா. கொஞ்சம் பொறுத்து, இன்னும் மெதுவாக, "எங்கை பிள்ளை போறாய்?" மூன்றாம் முறை குரல் உடைந்துவிட்டது, தண்ணீர்ப் பைப்பைத் திறந்துவிட்டா. நான் சத்தம் போடாமல் வாசலுக்குத் திரும்பிப் போய், அவவுக்குக் கேட்கட்டும் என்று கதவை அடித்துச் சாத்திவிட்டு உள்ளே வந்தேன். சாப்பாடு உறைப்பு என்று ஏதோ கதைத்தேன்.

வெள்ளி இரவு வந்து தங்கிவிட்டு, சனிக்கிழமை காலை இங்கே வாசலில் நீ சப்பாத்துப் போடும்போது அம்மா கேட்பா. சிரித்துவிடாதே. "கொஞ்சம் தூரம்" என்று சொல்லாதே. "வந்து சொல்லுறன்" என்று மட்டும் தயவுசெய்து சொல்லிவிடாதே. பையை நிலத்தில் வைத்துவிட்டு, மலையின் பெயர், எந்தப் பக்கத்தால் ஏறுவாய், யார் யார் கூட வருகிறார்கள், பின்னேரம் எத்தனை மணிக்குப் போன் எடுப்பாய், எல்லாவற்றையும் நின்று சொல்லு. அவவுக்கு ஒரு பெயரும் மனதில் நிற்காது. அதை நான் வைத்திருப்பேன். இத்தனை வருடமாக வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருக்கிற அந்தச் சின்னப் பிள்ளைக்கு ஒருவராவது பதில் சொல்ல வேண்டும். சொல்லி முடித்த பிறகு "போட்டு வாறன்" என்று சொல்லு.

பிறகு, போட்டு வா.

அப்பா